மடிக்கொடியில் ஒரு கட்டுத்துணி

28 ஜூலை 1978, வெள்ளி

ஆடி மாதம். கல்யாணம் கிடையாது. அதனால் கல்யாணச் சமையல்காரரான இவர் வீட்டில் இருக்கிறார். மற்ற மாதங்களில் விடியும் முன்பே யார் வீட்டுக் கோட்டை அடுப்புக்கோ போய்விடுகிறவர், ஆடியிலும் மார்கழியிலும் மட்டும் என் சமையலைச் சாப்பிடுவார். குறை சொல்ல மாட்டார். உப்பு ஜாடியை மட்டும் பேசாமல் இலைப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்வார்.

போன வருஷம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபோது, நீங்களும் நிறுத்திவிடுங்களேன் என்றேன். "வாத்தியாருக்குத்தான் ரிட்டயர்மெண்ட், டீச்சரம்மா. கரண்டிக்கு ஏது?" என்றார்.

இன்று குழாயடியில் கால் கழுவ வேஷ்டியைத் தூக்கினார். இடது கணுக்காலுக்கு மேலே உட்பக்கம் தோல் கருத்துக் கிடக்கிறது. நடுவில் ஒரு புண். முழங்காலிலிருந்து நீலமாக ஒரு கொடி சுருண்டு சுருண்டு அதை நோக்கி இறங்குகிறது. என்ன இது என்றேன்.

"பாயசம் தெறிச்சுடுத்து."

எந்தப் பாயசம்? ஆனி மாதத்தோடு கல்யாணம் முடிந்தாயிற்று. பாயசம் சுட்ட புண் இத்தனை நாள் ஈரமாகவா இருக்கும்? பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொன்னால் கணக்கு உதைக்கத்தான் செய்கிறது.

30 ஜூலை

நேற்றும் இன்றும் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தேன். "சுகமா இருக்கு, சுகமா இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார். சாயங்காலம் பார்த்தால் கால் இன்னும் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது, அது நிரம்ப நேரமாகிறது. சாயங்காலமானால் கால் கனக்கிறது, அரிக்கிறது, தூக்கத்தில் ஆடுசதை இழுத்துக்கொள்கிறது என்பதெல்லாம் இன்றைக்குத்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எத்தனை நாளாக என்றால், "நாளா? வருஷமான்னு கேளு" என்று சிரிக்கிறார்.

சிரிக்கிற விஷயமா இது?

2 ஆகஸ்ட், புதன்

இழுத்துக்கொண்டு போய்விட்டேன். காளவாசல் பக்கம் டாக்டர் நல்லகாமன் சாயங்காலத்தில் வீட்டிலேயே பார்க்கிறார். அறுவை டாக்டர், பகலில் பெரியாஸ்பத்திரியில் இருப்பவர். பேரையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பேச்சில் அது அப்படியே இருக்கிறது.

இவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார். நீலக் கொடி எல்லாம் வடிந்து காணாமல் போயிற்று. தொடையில் ஒரு ரப்பர்க் குழாயைக் கட்டி, எழுந்து நிற்கச் சொன்னார். குழாயை அவிழ்த்ததும் மேலிருந்து கொடி கிடுகிடுவென்று நிரம்பி இறங்கியது. எனக்கே கண்ணால் பார்க்க முடிந்தது.

"நரம்பு சுருட்டிக்கிச்சுன்னு சொல்றாக. இது நரம்பு இல்லம்மா, ரத்தக் குழாய். காலுக்கு வந்த ரத்தத்தை மேல நெஞ்சுக்குக் கொண்டு போகணும். எங்க ஊர் வாய்க்கால்ல மடை இருக்கும்ல, அது மாதிரி உள்ளுக்குள்ள சின்னச் சின்ன மடை. மேல போனதைக் கீழ விடாது. அய்யாவுக்கு மடை பழுதாயிருச்சு. மேல போன தண்ணி திரும்பி வந்து கடைசி வயல்ல நிக்குது. நின்ன தண்ணியில பயிர் அழுகத்தான செய்யும்?"

இவர் விடவில்லை. "இவளும்தான் முப்பது வருஷத்துக்கு மேல நின்னா. இவ காலுக்கு ஒண்ணுமில்லையே?"

"அவுக நடந்துக்கிட்டே பாடம் எடுத்திருப்பாக. நடந்தா ஆடுசதை அமுக்கும், ரத்தம் மேல ஏறும். நீங்க அண்டா முன்னாடி ஒரே இடத்துல நின்னு கிண்டுவீக. பத்தாததுக்கு அடுப்புச் சூடு. சூட்டுல குழாய் விரியும். உங்க அப்பாவுக்கு இருந்துச்சா?"

"இருந்தது. அவரும் சமையல்தான்."

"அப்ப ரெண்டு வழியிலயும் வந்திருக்கு. ஒத்தடம் கித்தடம் கொடுத்தீகளா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். சூடு கூடவே கூடாதாம்.

வைத்தியம் இவ்வளவுதான்: இழுத்தால் நீளுகிற ஒரு கட்டுத்துணி. விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்த்தியும் சுற்ற வேண்டும். காலையில் கட்டி, ராத்திரி படுக்கப்போகும்போது அவிழ்க்கலாம். உட்கார்ந்தால் கால் உயரத்தில் இருக்க வேண்டும். தினம் நடக்க வேண்டும். புண் ஆறட்டும், பிறகு அறுவைச் சிகிச்சை செய்து பழுதான குழாயையே எடுத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தெரிந்த விதத்தில் மறுபடி சொன்னேன். "எங்க ஸ்கூல்ல குழந்தைகள் வரிசையா மாடி ஏறும். ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு லீடர் நிப்பா. ஏறினவா யாரும் திரும்பி இறங்கப்படாது. லீடர் தூங்கிட்டா என்ன ஆகும்? மேல இருக்கிறவா எல்லாரும் கீழ சரிஞ்சு, கடைசிப் படியில நிக்கிற குழந்தை நசுங்கும். அந்தக் குழந்தைதான் உங்க கணுக்கால்."

"அந்த லீடரை நீ பெஞ்சு மேல ஏத்திடேன்," என்றார்.

3 ஆகஸ்ட்

டாக்டர் சொன்னது எனக்கு விளங்கியது. இவருடைய பயம் இன்றுதான் விளங்கியது.

"யார்கிட்டயும் சொல்லிடாதே, சாவித்ரி." டீச்சரம்மா இல்லை, சாவித்ரி. அப்படியென்றால் விளையாட்டில்லை.

உடம்பில் புண் உள்ளவன் அடுப்பைத் தொடக்கூடாது என்பது இவரே வைத்திருக்கும் சட்டம். விரலில் நகச்சுற்று வந்தவனைக்கூட முகூர்த்தத்தன்று காலையில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். இப்போது வக்கீல் பட்டாபிராமன் வீட்டில் மூன்றாவது பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகப் போகிறது. தை மாதம். முதல் இரண்டு பெண்களுக்கும் இவர்தான். கடைசிப் பெண்ணுக்கும் இவர் கையால்தான் என்று வக்கீலின் மனைவி ஸ்யாமளா எப்போதோ சொல்லிவிட்டாள். புண் இருப்பது தெரிந்தால்?

"தைக்குள்ள ஆறிடும்," என்றார். கேள்வி மாதிரி இருந்தது.

25 ஆகஸ்ட், வெள்ளி

ஸ்யாமளா வீட்டில் இவரைக் கூப்பிட்டுத் தேங்காய், வெற்றிலை பாக்கு கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. சந்தோஷமாகத்தான் வந்தார். தட்டைக் கீழே வைத்ததும் இரண்டு பேரும் அந்தக் காலைப் பார்த்தோம்.

தப்பா இது? புண் காலில்தானே, கையில் இல்லையே என்கிறார். நகச்சுற்றுக்காரனிடம் இப்படிப் பேசியிருப்பாரா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. பிறகு இவரே சொன்னார்: மார்கழி பிறப்பதற்குள் ஆறாவிட்டால் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வேறு ஆள் பார்க்க அவகாசம் இருக்கும்.

சரி என்றேன். தெருவில் யாரும் பார்க்காமல் மாடியில் நடக்கிறார். நான் கூடவே நடக்கிறேன்.

17 செப்டம்பர்

போன வாரம் போலவே இன்றும் எண்ணெய்க் காகிதத்தைப் புண் மேல் வைத்து அதன் விளிம்பை வரைந்து வைத்தேன். குழந்தைகளுக்கு வரைபடம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பது இப்படித்தான். சரியாக இலங்கை மாதிரி இருக்கிறது. இவரிடம் காட்டினேன். "ராமேஸ்வரத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்கிறார்.

புரட்டாசி பிறந்ததால் திவசச் சமையல் நிறைய. போன வாரம் வரைந்ததையும் இன்று வரைந்ததையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தேன். கடுகளவு மாற்றம் இல்லை.

8 அக்டோபர்

டாக்டரிடம் போனோம். அவருக்கும் புரியவில்லை. "கட்டு ஒழுங்காக் கட்டுறீகளா?" "கட்டறார்" என்று நான்தான் சொன்னேன். என் கண் முன்னால்தானே தினமும் ராத்திரி உட்கார்ந்து, சுருக்கம் இல்லாமல், முறுக்குச் சுற்றுவது மாதிரி அழகாகச் சுற்றுகிறார். காலையில் நான் எழுந்திருக்கும்போது இவர் வேலைக்குப் போயிருப்பார்; அதனால் ராத்திரியே கட்டிக்கொண்டு அதோடேயே போகிறார்.

2 நவம்பர்

தீபாவளி பட்சணம் முடிந்தது. நாலைந்து வீடுகளுக்கு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றிருக்கிறார். இன்று கட்டிலில் படுத்தவர் காலைச் சுவரில் சாய்த்து உயரத் தூக்கி வைத்துக்கொண்டார். புண்ணிலிருந்து நீர் கசிகிறது. இலங்கை பெரிதாகிவிட்டது.

மார்கழிக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்க்கிறார். நான் பார்க்கிறதை அவர் பார்க்கக்கூடாது என்று நான் சமையலறைக் காலண்டரைப் பார்க்கிறேன்.

9 நவம்பர், வியாழன்

இவருடைய அக்கா பிள்ளை பிச்சுமணி வந்திருந்தான். இவருக்குக் கீழே பல வருஷமாக வேலை பார்க்கிறவன். காப்பி குடித்துக்கொண்டே சொன்னான்: "மாமி, மாமாவுக்குக் கால்ல என்ன? சமையல் கொட்டகைக்குப் போற வழியில குளிச்சுட்டு வரச்சே பையில ஒரு துணியைச் சுருட்டி வச்சுக்கறார். என்னதுன்னு கேட்டா, உன் வேலையைப் பாருங்கறார்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது.

சாயங்காலம் வந்தவரிடம், "கட்டைக் காலம்பற அவுத்துடறேளா?" என்று கேட்டேன்.

"பின்னே? அதைக் கட்டிண்டு அடுப்படிக்கு எப்படிப் போறது? கடைத் துணி. டாக்டர் தொட்டது. ராத்திரி படுக்கையில கிடந்தது. மடிக்கு ஆகுமா? ஆசாரம் கெட்டுடாதா?"

அடக் கடவுளே. படுத்திருக்கும்போது கட்டு. நிற்கும்போது வெறுங்கால். எப்போது வேண்டாமோ அப்போது மட்டும் மூன்று மாதமாகக் கட்டியிருக்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

கத்திவிட்டேன். "நிக்கறச்சேதான் கட்டு இருக்கணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. காதுல விழலையா உங்களுக்கு? கால் போயிடுத்துன்னா மடியை வச்சுண்டு என்ன பண்ணுவேள்?"

பையிலிருந்து கட்டுத்துணியை எடுத்து நீவி நீவிச் சுருட்டினார். "தெரியும்டி," என்றார்.

"தெரிஞ்சா ராத்திரி எதுக்குக் கட்டிண்டேள்?"

"நீ அலைஞ்சு வாங்கிண்டு வந்தயே. கட்டலேன்னா நீ வருத்தப்படுவே."

இதற்கு மேல் என்ன கோபித்துக்கொள்வது? உள்ளே போய்ச் சாதம் வடித்தேன். கஞ்சி கையில் கொட்டிற்று. அதற்கும் இவரைத்தான் திட்டினேன்.

11 நவம்பர், சனி

காலையில் குளித்துவிட்டு என் புடவையைக் கம்பால் உயர்த்தி மடிக்கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். உத்தரத்தை ஒட்டிக் கட்டிய மூங்கில். அங்கே உலர்ந்த துணியை யாரும் தொட மாட்டார்கள், அதனால் அது மடி. பக்கத்தில் இவருடைய வேஷ்டி காய்கிறது. அதுவும் கடையில் வாங்கியதுதானே? எத்தனையோ பேர் தொட்டதுதானே? நனைத்து, கம்பால் போட்டு, யாரும் தொடாமல் உலர்ந்ததும் மடியாகிவிடவில்லையா?

இன்று வேலை இல்லாமல் இவர் தூங்கிக்கொண்டிருந்தார். அப்படியே ஈரக் கையோடு போய் எழுப்பினேன். "கட்டுத்துணிக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

கண்ணைக் கசக்கிக்கொண்டு யோசித்தார். "ரெண்டு துணி வேணும்," என்றார். "ஒண்ணு காய, ஒண்ணு கட்ட."

டாக்டரிடம் ஓடினேன். தினம் துவைத்தால் துணி தளர்ந்துவிடாதா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "துவைச்சாத்தாம்மா அதுக்கு இழுவையே திரும்ப வரும். இனிமேத்தான் நீங்க சரியாச் செய்யப் போறீக. ஒண்ணு மட்டும். குளிச்சு நின்னா கால்ல ரத்தம் இறங்கிரும். குளிச்சதும் கொஞ்ச நேரம் காலைத் தூக்கி வச்சுப் படுக்கச் சொல்லுங்க. வடிஞ்சப்புறம் கட்டுங்க. அம்புட்டுத்தான்."

ஆனால் இவரால் குனிந்து அவ்வளவு இறுக்கமாகச் சுற்ற முடியவில்லை. ராத்திரி நன்றாகச் சுற்றினது அழகுக்குத்தான் போலிருக்கிறது. நான்தான் கட்ட வேண்டும். நான் கட்ட வேண்டுமென்றால் நானும் குளித்து மடியாக இருக்க வேண்டும். இனிமேல் இருட்டிலேயே எழுந்து குளிக்கவேண்டியதுதான் என்று நான் ஓய்வு பெற்றபோது யாரும் சொல்லவில்லை.

12 நவம்பர்

தண்ணீர் ஐஸ்.

14 நவம்பர்

மரப்பலகையில் படுத்துக் காலைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொள்கிறார். நான் கம்பால் துணியை எடுத்து, விரலிலிருந்து ஆரம்பித்துச் சுற்றுகிறேன். பழைய வேஷ்டித் துண்டை வெந்நீரில் கொதிக்க வைத்து, அதையும் கொடியிலேயே காயவைத்துப் புண்ணுக்கு மேல் வைக்கிறேன். அந்த நேரத்தில் இவர் அன்றைய சமையலை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார். சத்தமாகவே. இன்று, "ரெண்டு படி துவரம்பருப்பு, ஊறப் போட்டாச்சு, பூசணி அரை..." என்று சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டார்.

கட்டி முடித்த பிறகும் காலைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

26 நவம்பர்

இலங்கை சுருங்குகிறது. கீழே தென்கோடி காணவில்லை. இவர் குழந்தை மாதிரி எண்ணெய்க் காகிதத்தை ஜன்னலில் வைத்து வைத்துப் பார்க்கிறார். திவச வீட்டில் அடுப்புக்கும் திண்ணைக்குமாக வேலையில்லாவிட்டாலும் நடக்கிறாராம். "மாமா ரவுண்ட்ஸ் போறார்னு பசங்க கேலி பண்றா மாமி," என்கிறான் பிச்சுமணி.

13 டிசம்பர், புதன்

இன்னும் இரண்டொரு நாளில் மார்கழி. புண் ஒரு துவரம்பருப்பு அளவு இருக்கிறது. ஆனால் இருக்கிறது.

நான் எதுவும் நினைவுபடுத்தவில்லை. சத்தியமாக இல்லை. "ஒரு பருப்புதானே, தைக்குள் மூடிக்கொள்ளும்" என்று சொல்லக்கூட நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு தேங்காயும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்துக் கையில் எடுத்துவிட்டார். "வரயா?"

போனேன். ஸ்யாமளா கூடத்தில் ஜாக்கெட்டுத் துணிகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். இவர் உட்காரவில்லை. வேஷ்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டைக் காட்டி, உள்ளே புண் இருக்கிறது என்று ஆடியிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அன்று வாங்கின தாம்பூலத்தைத் திருப்பித் தருகிற மாதிரி, தட்டையும் அவள் முன்னால் வைத்துவிட்டார்.

அவள் ரொம்ப நேரம் துணியையே மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது மாமா. இப்பத் தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி இருக்க என்னால முடியலை. சம்பந்தி ஆசாரம் ஜாஸ்தி," என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் தட்டை எடுத்துக்கொண்டாள்.

"வேற யாரைக் கூப்பிடட்டும்? நீங்களே சொல்லுங்கோ."

"சோழவந்தான் வெங்குட்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணச் சமையலில் இவருக்கும் வெங்குட்டுவுக்கும் எத்தனை வருஷப் போட்டி. "அவர் ரசத்தைப் பத்தி நீங்க என்னவெல்லாம் சொல்லியிருக்கேள்," என்று ஸ்யாமளாவே கேட்டுவிட்டாள்.

"ரசம் கிடக்கட்டும். கை சுத்தம். கடைசிப் பந்திக்கும் முதல் பந்தி மாதிரியே போடுவான்."

திரும்பி வரும்போது காளவாசலில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருந்தது. நிற்காமல் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தார். டாக்டர் சொன்னதற்காகவா, வேறு எதற்காகவா என்று நான் கேட்கவில்லை. நானும் நடந்தேன்.

14 டிசம்பர்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. உப்பு ஜாடியை நகர்த்தவில்லை இவர்.

3 ஜனவரி 1979, புதன்

புண் மூடிவிட்டது.

மார்கழியில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்ததும் காரணம். காலையில் கட்டை எடுத்தால் ரோஜா நிறத்தில் மெல்லிய தோல். தொட்டுப் பார்க்கக்கூட பயமாக இருந்தது. "ஸ்யாமளாகிட்டச் சொல்லட்டுமா? இன்னும் நாள் இருக்கே," என்றேன்.

"வெங்குட்டு தாம்பூலம் வாங்கிண்டாச்சு. அவன் கையிலேர்ந்து பிடுங்கச் சொல்றயா?"

டாக்டர் தோலைப் பார்த்துவிட்டு, மடை சரியாகாமல் விட்டால் திரும்பவும் புண் வரும், பொங்கல் கழிந்ததும் வந்து சேருங்கள் என்றார். இவர் உடனே தலையாட்டினார். தையில் வேலை இல்லாததற்கு ஒரு பிரயோஜனம் கிடைத்ததே என்று நினைத்திருப்பார்.

18 ஜனவரி

நேற்று அறுவைச் சிகிச்சை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்களாம். நினைவு இருந்திருக்கிறது. நான் வெளியே பெஞ்சில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தேன். நர்ஸ் ஒருத்தி, "உக்காருங்கம்மா, உங்களுக்கும் கால் வீங்கிரும்," என்றாள். நடந்தால்தான் வீங்காது.

இன்று பேசினார். தொடை இடுக்கில் பழுதான குழாயைக் கட்டி, கணுக்கால் பக்கமிருந்து ஒரு கம்பியை உள்ளே விட்டு, அப்படியே உருவி எடுத்துவிட்டார்களாம். "வாழைத்தண்டு நறுக்கறச்சே நாரை விரல்ல சுத்தி இழுப்பேனே, அதேதான். டாக்டர் கை நல்ல கை. சமையலுக்கு வந்திருக்கலாம்." அந்தக் குழாய் போய்விட்டால் ரத்தம் எப்படி ஏறும் என்று எனக்குக் கவலை. ஆழத்தில் இருக்கும் நல்ல குழாய்கள் பார்த்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலமே எழுந்து நடக்க வைத்துவிட்டார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டின் கோடி வரை போய் வந்தார். கால் முழுக்கக் கட்டு. முகம் வெளுத்திருந்தது. "இன்னொரு தரம்," என்றார்.

29 ஜனவரி

தையல் பிரித்தாயிற்று. தொடையில் ஊதாவும் பச்சையுமாகக் கன்றிப்போயிருக்கிறது. மறைந்துவிடுமாம். நடக்கலாம், படுக்கலாம், ஒரே இடத்தில் நிற்கமட்டும் கூடாது.

பிச்சுமணி வந்தான். வெங்குட்டு அவனைத் தன்னோடு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். போகலாமா என்று கேட்கத் தயங்கித் தயங்கி நின்றான். "போடா. என் மானத்தை வாங்கிடாதே," என்றார்.

11 பிப்ரவரி, ஞாயிறு

ஸ்யாமளா வீட்டுக் கல்யாணம். நேற்று அவளே நேரில் வந்து கூப்பிட்டாள். "சமையல்கட்டுப் பக்கம் வரப்படாது மாமா. பந்தியில உக்காரணும். மாமியோட." கண்டிப்பாகச் சொன்னாள்.

முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி. வரிசையின் கோடியில் எங்களுக்கு இடம். எல்லோருக்கும் ஒரு மணை, இவருக்கு இரண்டு. மடக்க முடியாத காலை நீட்டி வைக்க இரண்டாவது. யாரும் தாண்டிப் போகாமல் சுவர்ப் பக்கமாகப் போட்டிருந்தாள்.

உட்காரத் தெரியவில்லை இவருக்கு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததே இல்லை. எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு, அடுப்படியில் நின்றபடி ஒரு கை சாதத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வருகிறவர்தானே. சாம்பார் வாளி வரத் தாமதமானதும் எழுந்திருக்கப் போனார். வேஷ்டி நுனியைப் பிடித்து உட்கார்த்தினேன். பரிமாறுகிற பையன் கூட்டை இடம் மாற்றி இலையின் இடப்பக்கம் வைத்துவிட்டான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், என்னைப் பார்த்து மூடிக்கொண்டார். கொட்டகை வாசலில் வெங்குட்டு கைகட்டி நின்று எங்கள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் உள்ளே போய்விட்டார்.

அப்புறம்தான் நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சாப்பிடாமல் என் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்ன என்றேன்.

"நீ அப்பளத்தைக் கடைசிவரைக்கும் எடுத்து வச்சுக்கறே."

"ஆமாம். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லை. நீ சாப்பிட்டு நான் பாத்ததேயில்லை," என்றார். தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்துவிட்டு, மோர் சாதத்துக்குக் கையை நீட்டினார்.